பிழை திருத்துவதும் ஒரு தொழில்: பதிப்புத் துறையில் நம் பிள்ளைகளுக்கு இடமுண்டு

கல்லூரி முடிவுகள் வரும் மாதங்களில் ஜும்ஆ முடிந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிருச்சுங்க ஹஜ்ரத், அடுத்து என்ன பண்றது?" சில வீடுகளில் அது பி.ஏ. தமிழ். சில வீடுகளில், மதரஸாவில் ஓதி ஸனது வாங்கிவிட்டு அஞ்சல் வழியில் பட்டமும் முடித்த பையன். சரவணம்பட்டியில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்தும். சத்தி ரோட்டின் இரு பக்கமும் ஐ.டி. நிறுவனங்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். மொழி படித்த பிள்ளைக்கு பி.எட். முடித்து ஆசிரியராவது, வங்கித் தேர்வு எழுதுவது என்ற இரண்டைத் தவிர வேறு வழி நமக்குத் தோன்றுவதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் பதிப்புத் துறை. அதில் எழுத்தாளரைத் தவிர இன்னும் பல கைகள் வேலை செய்கின்றன. எழுதியதைச் சீராக்குபவர், தகவல் சரிதானா என்று பார்ப்பவர், அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் வடிவமைப்பவர் என்று ஒரு நூலுக்குப் பின்னால் நாலைந்து பேர் இருப்பார்கள். இவர்களில் எழுத்தைச் செம்மைப்படுத்துகிற எடிட்டரின் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சில ஆண்டு நிறுவனத்தில் பழகிவிட்டால், பிறகு வீட்டிலிருந்தே சுயமாகச் செய்யக்கூடிய வேலை இது.

ஓர் ஆலிம் இதை ஏன் சொல்கிறார் என்று தோன்றலாம். தமிழில் அச்சுப் பதிப்பு என்றதும் உ.வே.சாமிநாதையர் பெயர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அவர் பிறந்தது 1855ல். சீவகசிந்தாமணியை அச்சிட்டது 1887ல். ஆனால் உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842லேயே அச்சில் வந்துவிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அதைப் பதிப்பித்தவர் காயல்பட்டினத்தைச் சேர்ந்த செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். புலவர் நாயகம் என்று போற்றப்பட்டவர். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, பாடம் பார்த்து, அச்சேற்றினார். இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழிவிட்ட சட்டம் வந்தது 1835ல்தான். அதற்கு ஏழே ஆண்டுகளில் ஓர் ஆலிம் இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வேலையின் அடிப்படை புதிதல்ல. ஹதீஸ் கலையில் 'முகாபலா' என்று ஒன்று உண்டு. ஆசிரியரிடமிருந்து எழுதிக்கொண்டு வந்த பிரதியை மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுவது. ஒப்பிட்டு முடித்த இடத்தில் ஓரத்தில் அடையாளம் இடுவார்கள். ஒப்பிடாத பிரதிக்கு மதிப்பில்லை. இன்று எடிட்டர் செய்வதும் ஏறத்தாழ அதுவேதான், கணினித் திரையில்.

வேலை என்ன?

பலர் நினைப்பது போல ஒற்றெழுத்தும் லகர ளகரமும் திருத்துவது மட்டும் எடிட்டிங் அல்ல. அது மெய்ப்புத் திருத்தம். அச்சகத்தார் மொழியில் 'புரூஃப் பார்ப்பது'. வடிவமைத்த பக்கத்தில் எழுத்து விழுந்திருக்கிறதா, வரி விட்டுப்போயிருக்கிறதா, பக்க எண்ணும் பொருளடக்கமும் பொருந்துகின்றனவா என்று கடைசியாகப் பார்ப்பது. எடிட்டிங் அதற்கு முந்திய கட்டம். வாக்கியம் புரிகிறதா, சொன்னதையே மறுபடி சொல்கிறதா, தகவல் சரியா, பெயர்கள் நூல் முழுவதும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதற்கும் முந்திய ஒரு கட்டம் உண்டு. அத்தியாயங்களின் வரிசையே சரியா, எதை வெட்டலாம், எதைச் சேர்க்கச் சொல்லலாம் என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது. புதியவர்கள் மெய்ப்பில் தொடங்கி மேலே போவதுதான் வழக்கம்.

வித்தியாசம் புரிவதற்கு ஒரு வாக்கியம் தருகிறேன். 'இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 194ல் பிறந்து, தமது 62ஆம் வயதில் ஹிஜ்ரி 265ல் வஃபாத்தானார்கள்.' இதில் எழுத்துப்பிழை எதுவுமில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் கடந்து போய்விடலாம். எடிட்டர் கழித்துப் பார்ப்பார். 265லிருந்து 194 போனால் 71 வருகிறது, 62 வரவில்லை. உடனே வரலாற்று நூலைத் திறப்பார். சரியான ஆண்டு 256. தட்டச்சில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. இந்தச் சந்தேகப் புத்தி இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தொழில் பொருந்தும். கேட்ட செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொல்லும் ஹுஜுராத் சூராவின் ஆறாம் வசனத்தை ஓதிய நமக்கு அந்தப் புத்தி இயல்பாகவே இருந்திருக்க வேண்டும்.

நம் நூல்களுக்கு யார் தேவை?

தமிழில் இஸ்லாமிய நூல்களுக்கு நீண்ட மரபு இருக்கிறது. பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' இதழ் நல்ல தமிழுக்குப் பெயர் பெற்றது. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் தர்ஜுமாவின் முதல் பகுதி 1929ல் வந்தது, முழுமையாக வெளிவர 1949 ஆயிற்று. தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தையே எழுதினார். பின்னாளில் சென்னை ரஹ்மத் பதிப்பகம் ஆலிம்கள் குழுவை வைத்து ஸஹீஹுல் புகாரியையும் தஃப்சீர் இப்னு கஸீரையும் தமிழில் கொண்டுவந்தது. இஸ்லாமிக் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் நூல்களோடு 'சமரசம்' இதழையும் நடத்துகிறது.

இவையெல்லாம் ஒழுங்காக நடந்த முயற்சிகள். இவற்றுக்கு வெளியே மஹல்லா மலர்கள், மதரஸா ஆண்டு மலர்கள், தனிநபர் செலவில் வரும் சிறு நூல்கள் என்று எத்தனையோ வருகின்றன. அவற்றை எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் முஹம்மது, முகம்மது, முகமது என்று மூன்று விதம். ஒரே இமாமின் பெயர் முன்னுரையில் ஒரு மாதிரி, அடிக்குறிப்பில் வேறு மாதிரி. நபிமார்கள் பெயருக்குப் பின் (அலை), ஸஹாபாக்களுக்கு (ரலி), இமாம்களுக்கு (ரஹ்) என்ற முறை பாதி நூலில் இருக்கும், மீதியில் காணாமல் போயிருக்கும்.

அரபுச் சொற்களைத் தமிழில் எழுதுவது இன்னும் சிக்கல். அரபியில் இரண்டு காஃப்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'. இதயத்தைக் குறிக்கும் கல்பும் நாயைக் குறிக்கும் கல்பும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். எந்தச் சொல்லை அரபியிலேயே விடுவது, எதைத் தமிழாக்குவது, எதற்கு முதல் இடத்தில் மட்டும் விளக்கம் கொடுப்பது என்று முடிவெடுக்க இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நூல் முழுவதும் அதன்படி திருத்துவார்கள். பதிப்பாளர்கள் இதை 'ஸ்டைல் ஷீட்' என்பார்கள்.

ஹதீஸ் எண்களில் வரும் குழப்பம் தனிக்கதை. ஸஹீஹ் முஸ்லிமுக்கு ஃபுவாத் அப்துல் பாகீ இட்ட வரிசை எண் 3033ல் முடிகிறது. ஒவ்வோர் அறிவிப்பையும் தனித்தனியாக எண்ணும் பதிப்புகளில் அது ஏழாயிரத்தைத் தாண்டும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் பற்றிக் கேட்ட ஹதீஸ், முதல் முறையில் 8. தாருஸ்ஸலாம் பதிப்பில் 93. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் தேடுகிறவர் கிடைக்காமல் திரும்புவார். ஹிஜ்ரி ஆண்டோடு 622ஐக் கூட்டி ஆங்கில ஆண்டு என்று போட்டுவிடுகிற பழக்கமும் இப்படித்தான். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு, சுமார் பதினொரு நாள் குறைவு. அதனால் ஹிஜ்ரி 1000 தொடங்கியது 1622ல் அல்ல, 1591ல்.

இந்தப் பிழைகளை வேற்றுத் துறை எடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிடிக்க முடியாது. ஓதிய பிள்ளை தமிழையும் முறையாகக் கற்றுக்கொண்டால் அவருக்குப் போட்டியே குறைவு. நம் மதரஸா மாணவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆங்கிலப் பக்கம்

வருமானம் என்று பார்த்தால் ஆங்கிலப் பக்கமே பெரிது. ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களும் பாடநூல்களும் பெருமளவில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்தான் அச்சுக்குத் தயாராகின்றன. சென்னையில் இத்தகைய நிறுவனங்கள் பல. புதுச்சேரியில் 1994ல் தொடங்கிய இன்டெக்ரா இருக்கிறது. 1998ல் சென்னையில் தொடங்கிய டி.என்.கியூ. கோவையிலும் அலுவலகம் வைத்தது. ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலத்தைச் சீராக்குவது, மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, ஆசிரியருக்குச் சந்தேகக் கேள்விகள் எழுதி அனுப்புவது, அவர் திருத்தி அனுப்பிய பக்கங்களை ஒப்பிடுவது ஆகியவை அங்கே நடக்கும் வேலைகள். பயிற்சிக் காப்பி எடிட்டராகச் சேர்ந்தால், பிறகு ஒரு நூலை முழுவதும் பொறுப்பேற்று நடத்தும் நிலைக்கு உயரலாம். தொடக்கச் சம்பளம் ஐ.டி. சம்பளம் போல இருக்காது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இங்கே உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட நடைக் கையேடுகளைக் கற்றுக்கொள்ளலாம். பொது நூல்களுக்குச் சிகாகோ கையேடு, சமூக அறிவியலுக்கு ஏ.பி.ஏ., மருத்துவத்துக்கு ஏ.எம்.ஏ. இவற்றில் ஒன்றையாவது கரைத்துக் குடித்தவருக்குப் பின்னாளில் வெளிநாட்டு வேலை நேரடியாகக் கிடைக்கும். தமிழுக்கு, மொழி அறக்கட்டளை வெளியிட்ட 'தமிழ் நடைக் கையேடு', அ.கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?', 1992ல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஆகிய மூன்றும் மேசையில் இருக்க வேண்டும். க்ரியா ராமகிருஷ்ணன் எடிட்டிங்குக்காகவே மதிக்கப்பட்டவர். அகராதியின் மூன்றாம் பதிப்பு வந்த 2020லேயே காலமானார்.

படிப்பாகப் படிக்க விரும்பினால் இக்னோவில் அஞ்சல் வழியில் நூல் பதிப்புப் பட்டயப் படிப்பு இருந்து வருகிறது, நேஷனல் புக் டிரஸ்டும் பயிற்சி நடத்துகிறது. சேரும் முன் அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில் சான்றிதழைவிடக் கைப்பழக்கம் முக்கியம். வேர்டில் திருத்தங்களைத் தடம் தெரியும்படி செய்யும் 'டிராக் சேஞ்சஸ்' வசதி, தமிழ்99 விசைப்பலகை, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் முறை, இன்டிசைனில் பக்கம் எப்படி ஓடுகிறது என்ற அறிமுகம் ஆகிய இவ்வளவும் ஆறு மாதத்தில் வீட்டுக் கணினியிலேயே வந்துவிடும்.

ஃப்ரீலான்ஸ் எப்போது?

பட்டம் வாங்கிய மறுவாரமே 'வீட்டிலிருந்து எடிட்டிங்' என்று தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது என்பதே என் பதில். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு பதிப்பகத்திலோ, பத்திரிகையின் உதவி ஆசிரியர் மேசையிலோ, மேலே சொன்ன நிறுவனங்களிலோ இருக்க வேண்டும். நம் திருத்தத்தை மூத்தவர் ஒருவர் மறுபடி திருத்தி முகத்துக்கு நேராகக் காட்டும்போதுதான் இந்த வேலை படியும். கெடு தேதி என்றால் என்ன, கோபக்கார ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் வீட்டறையில் தனியாக உட்கார்ந்தால் வராது. அந்த ஆண்டுகளில் சம்பாதித்த அறிமுகங்கள்தான் பிறகு வேலை அனுப்புவார்கள். திருமணத்துக்குப் பின்னோ பிள்ளை பெற்ற பின்னோ வெளியே போக முடியாத நிலை வந்தால், அதுவரை பழகிய பெண்ணுக்கு வேலை வீட்டுக்கு வரும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டிலிருந்து செய்யலாம் என்பதற்காக நிறுவன ஆண்டுகளைத் தடுத்துவிட்டால் பின்னால் வீட்டு வேலையும் கிடைக்காது.

கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். உதாரணத்துக்கு 200 பக்க நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கவனமாகச் செம்மைப்படுத்த மணிக்கு ஐந்து பக்கம் என்றால் 40 மணி நேரம். வடிவமைத்த பிறகு மெய்ப்புப் பார்க்க இன்னும் சுமார் 15 மணி. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கண்ணும் மூளையும் ஒத்துழைக்காது. ஆக 11 நாள் வேலை. மாதம் 22 நாள் உழைத்து 25,000 ரூபாய் வேண்டும் என்று வைத்தால் இந்த நூலுக்கு 12,500 ரூபாய், அதாவது பக்கத்துக்கு 62 ரூபாய் 50 காசு வர வேண்டும். வேலையே வராத மாதங்களும் இருக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே கேட்க வேண்டும். 'பக்கம்' என்பதையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏ4 தட்டச்சுப் பக்கம் வேறு, டெம்மி அளவில் அச்சான பக்கம் வேறு. ஆங்கிலத்தில் 250 சொற்களை ஒரு பக்கமாகக் கொள்வது வழக்கம். சொல் கணக்கில் பேசிவிட்டால் தகராறு வராது.

நிறுவனங்கள் கட்டணத்தில் வழக்கமாக 10 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். வரிக்கு உட்படாத வருமானமாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். இதற்காகவே ஒரு ஆடிட்டரை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

சவாபுக்காக என்ற பேச்சு

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். நம் சமுதாயத்தில் நூல் வெளியிடுகிறவர் காகிதக் கடைக்குப் பணம் கொடுக்கிறார், அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்கிறார், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து பிரியாணி போடுகிறார். பிழை பார்த்த ஆலிமிடம் மட்டும் "தீனுடைய வேலைதானே ஹஜ்ரத், அல்லாஹ் கூலி தருவான்" என்கிறார். அல்லாஹ் தருவான், சந்தேகமில்லை. ஆனால் இஜாராவைப் பற்றி ஃபிக்ஹு பாடத்தில் நாம் ஓதியது என்ன? வேலையும் கூலியும் தொடங்கும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மிம்பரில் நாமே சொல்கிறோம். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் பகரா சூராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. ஒருவர் மனமுவந்து இலவசமாகச் செய்தால் அது அவருடைய ஸதகா. அதைக் கேட்டு வாங்குவதும், கொடுக்காததற்கு மார்க்கத்தைக் காரணம் சொல்வதும் வேறு விஷயம்.

இப்படிக் கூலியின்றி வேலை வாங்குவதன் விளைவு அந்த ஆலிமோடு நிற்பதில்லை. சம்பளமில்லாத வேலைக்குத் திறமையான பிள்ளைகள் வரமாட்டார்கள். இஷாவுக்குப் பின் தூக்கக் கண்ணோடு ஒருவர் பார்த்துக் கொடுத்த பக்கங்கள்தான் அச்சாகும். அந்தப் பிழையான நூலிலிருந்து அடுத்த பயான், அடுத்த நூல், அடுத்த வாட்ஸ்அப் செய்தி பிறக்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு தாளிலோ மின்னஞ்சலிலோ எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சொல், எந்த அளவு திருத்தம், எத்தனை முறை மெய்ப்பு, என்றைக்குள், எவ்வளவு, எப்போது. மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நூலின் உரிமைப் பக்கத்தில் எடிட்டர் பெயர் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள். அடுத்த வேலையைத் தேடித் தருவது அந்த ஒரு வரிதான்.

எடிட்டர் பக்கமும் அமானத் உண்டு. ஆசிரியரின் கருத்தை நம் கருத்தாக மாற்ற நமக்கு உரிமையில்லை. மத்ஹப் வேறுபாடு உள்ள மஸ்அலாவில் ஆசிரியர் எழுதியது நமக்கு உடன்பாடில்லாவிட்டாலும் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. ஓரத்தில் கேள்வியாக எழுதலாம், பதில் வந்தபின் அதன்படி செய்யலாம். வெளியாகாத பிரதியை நண்பர்களுக்கு அனுப்புவதும் கூடாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஆங்கில இலக்கணத்தை மட்டும் சரிசெய்யும் சாதாரண வேலை குறைந்து வருகிறது, அதில் புதிதாக நுழைவது முன்பைவிடக் கடினம். தமிழில் 'வாணி' போன்ற பிழைதிருத்திகள் ஒற்றுப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இயந்திரம் இல்லாத ஹதீஸுக்கு எண் கொடுத்து, இல்லாத நூலுக்குப் பக்கம் கொடுத்து அழகான நடையில் எழுதித் தருகிறது. அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் தள்ளக்கூடியவருக்கு வேலை கூடியிருக்கிறது.

இணையத்தில் 'எடிட்டிங் வேலை, பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய்' என்று வருவது அத்தனையும் மோசடி. வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்கமாட்டார். தேர்வு என்று இரண்டு மூன்று பக்கம் கொடுப்பது நியாயம். ஐம்பது பக்கம் கொடுத்தால் தேர்வின் பெயரில் இலவசமாக வேலை வாங்குகிறார்கள் என்று பொருள்.

கோவை ராஜவீதியில் விஜயா பதிப்பகம் இருக்கிறது. ஜூலையில் கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஆகஸ்டில் ஈரோட்டில் நடக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இஸ்லாமிய நூல் அரங்கிலும் மற்ற அரங்குகளிலும் நூல்களின் உரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எதில் எடிட்டர் பெயர் இருக்கிறது, எதில் இல்லை என்று குறித்துக்கொள்ளட்டும். ஆர்வமுள்ள பிள்ளை, பிழை மலிந்த ஒரு சிறுநூலை வாங்கி வந்து பத்துப் பக்கத்தைச் சிவப்பு மையில் திருத்தி, அடக்கமான ஒரு கடிதத்தோடு அந்தப் பதிப்பகத்துக்கே அனுப்பிப் பார்க்கட்டும்.